ஸ்ரீகண்டன் எழுதிய மனு

பொம்மனஹள்ளி வட்டாரத்தில் மனு எழுத ஸ்ரீகண்டனை விட்டால் ஆள் கிடையாது. தாத்தா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகக் குடும்பம்; வீட்டில் தமிழ், ஆபீஸில் அப்பழுக்கில்லாத கன்னடம். அவர் கையால் ஒரு மனு போனால் தெருவிளக்கு எரியும், பஸ் நிற்கும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அவர் வீடு கட்டிய லேஅவுட்டை ஒட்டி ஓர் ஓடை. அக்கரையில் கிருஷ்ணப்பாவின் கீரைத் தோட்டம். ஓடைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத்தான் அவருடைய பிழைப்பு. 1996இல் பக்கத்து மனைகளைச் சமன்படுத்திய பில்டர், லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து ஓடையில் தள்ள ஆரம்பித்தார். கிருஷ்ணப்பா பதறிப்போய் ஸ்ரீகண்டனிடம் ஓடி வந்தார்.

"சார், இந்த ஓடை போச்சுன்னா நானும் போனேன். எனக்கு ஓதக்கே பரல்லா, படிப்பு இல்ல. நீங்கதான் ஒரு அர்ஜி எழுதிக் குடுக்கணும்."

ஸ்ரீகண்டனுக்கும் ஓடை வேண்டும்தான். ஆனால் லேஅவுட்காரர்களுக்கு ரோடு வேண்டும். பள்ளிக்கூட வேன் திரும்பக்கூட இடமில்லை என்று அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: இருபக்கமும் கான்கிரீட் சுவர், மேலே ஸ்லாப், ஸ்லாப்மேல் ரோடு. ஓடையும் பிழைக்கும், ரோடும் வரும், எவனும் மண் கொட்ட முடியாது! பில்டர் உடனே தலையாட்டினார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே.

அதையே மனுவாக எழுதி, தோட்டக்காரரின் கையெழுத்து முதலில் இருந்தால்தான் எடுபடும் என்று கிருஷ்ணப்பாவிடம் பேனாவை நீட்டினார்.

"ஏனு சார் எழுதியிருக்கு?"

"உங்க ஓடையைக் காப்பாத்தறதுக்குத்தான்ப்பா."

எழுதத் தெரிந்த ஒரே வார்த்தையான தன் பேரைக் கிருஷ்ணப்பா போட்டுக் கொடுத்தார். ஸ்லாப் சமாசாரத்தை ஸ்ரீகண்டன் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஆயிரம் கேள்வி கேட்பார், யார் உட்கார்ந்து விளக்குவது என்ற அலுப்பு. பொய் சொன்னதாக ஸ்ரீகண்டனுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு வருஷத்தில் ஸ்லாப் வந்தது. இது சர்க்கார் வேலை, தண்ணீர் இறைக்க ஒரு திறப்பு விடச் சொல்லியிருக்கிறேன் என்று கிருஷ்ணப்பாவைச் சமாதானப்படுத்தினார், திறப்பும் விட்டார்கள். ஆனால் மூடிய ஓடைக்குள் என்ன போகிறது என்று யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு வீடாகக் கக்கூஸ் குழாயை அதில் சொருகினார்கள். கிருஷ்ணப்பாவின் கீரை நாற்றமடித்தது. அவர் வழக்கமாகப் போடும் ஈஜிபுராக் கடைக்காரர்கள் கீரைக் கட்டைத் தொடவே மாட்டோம் என்றார்கள்.

"அநியாயம்!" என்று ஸ்ரீகண்டன் வீட்டில் குதித்தார்.

"நம்மாத்துக் குழாயும் அதிலேதானே விழறது? மேஸ்திரி சொன்னப்போ தலையாட்டினது யாராம்?" என்றாள் மனைவி ராதா.

2000ஆம் வருஷம், ஸ்லாபை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதிக்கொண்டு, கிருஷ்ணப்பாவையும் கூட்டிக்கொண்டு, முதல் மனு போட்ட அதே ஆபீஸுக்குப் போனார். கிருஷ்ணப்பா வராந்தாவில் நின்றார். உள்ளே அதிகாரி பழைய ஃபைலைப் பிரித்து, கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மூடச் சொன்னதே இந்தக் கிருஷ்ணப்பாதானே? முதல் கையெழுத்தே அவருடையது. இப்போது திற என்றால் எப்படி சுவாமி?"

கிருஷ்ணப்பாவுக்கு எதுவும் தெரியாது, எழுதியவன் நான்தான் என்று ஸ்ரீகண்டன் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். எத்தனையோ பேருக்காக எத்தனையோ வாக்கியம் எழுதிய மனிதர். பாழாய்ப்போன வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. மனுவை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏனாச்சு சார்?"

"ஆகாதுங்கறார். அப்பவே மூடச் சொல்லி மனு வந்திருக்காம்."

"மூடச் சொன்னவன் யார் சார்? ஃபைல்ல அவன் பேரு இருக்குமில்ல?"

"தெரியலப்பா."

கிருஷ்ணப்பா அந்த முகம் தெரியாதவனை வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தார். அவன் குடும்பம் விளங்காது என்றார், அவன் சோற்றில் மண் விழ என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஸ்ரீகண்டன் பக்கத்திலேயே நடந்து, ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்ப்பா, ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.