சத்தமா இருக்கும்னு போனேன்

சண்டைப்படம் என்றாலே அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு குத்துக்குப் பத்துப் பேர் பறப்பார்கள். கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற அரை நிமிஷம், நாலு அடி நடந்து வர ஒரு நிமிஷம். காற்றே இல்லாத இடத்தில் அவன் சட்டை மட்டும் படபடவென்று அடிக்கும். திருத்தணி தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு. மத்தியானம் கூட்டம் குறைந்தால் நூலகத்துப் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். நாலு எழுத்து கூடப் படித்துவிட்டோம் என்கிற திமிர் வேறு. கூட வேலை செய்கிறவள் செல்போனில் சண்டைக் காட்சி பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன். "இதுல இன்னாடி இருக்குது? மனுஷன் மனசுன்னு ஒன்னு இருக்குதா இதுல?" என்று வம்புக்கு இழுப்பேன். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொள்வாள்.

இந்தத் திமிரை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காவைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தது. அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்பேன்; அவருக்கு பவர்லூம் ஷெட்டில் வேலை. எட்டுத் தறி ஒரே கொட்டகையில் ஓடும். அந்த இரைச்சலில் பேச முடியாது, கையால்தான் ஜாடை காட்டிக்கொள்வார்கள். அதனாலோ என்னமோ, வீட்டிலும் அவருக்குப் பேச்சு குறைவு. அக்காவைக் கூப்பிடுவது மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கும். "ஏமே!" என்பார். அவ்வளவுதான் அவர் காதல் வசனம். நான் அதைச் சொல்லிச் சொல்லி அக்காவைக் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள்.

அக்காவுக்குக் காமாலை. கண் மஞ்சளானதை வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது ரத்தமே கெட்டிருந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவள் மகள் பாப்பாவுக்கு அப்போது ரெண்டு வயசு, பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பெண்கள் கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி சொல்வோம். அம்மாவிடமிருந்து எனக்கு அந்தக் குரல் வந்திருந்தது. தெருவில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் என்னைத் தேடுவார்கள். அக்காவுக்கு நான் சொன்ன ஒப்பாரியில் பள்ளிப்பட்டே அழுதது. "பொன்னூஞ்சல் ஆடினவளே, பூந்தேரு ஏறினியே" என்று மாரில் அடித்துக்கொண்டு சொன்னேன். தொண்டை கட்டி நாலு நாள் பேச்சு வரவில்லை. பாவாவோ ஷாமியானாவுக்குக் கீழே, மேளக்காரர்கள் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் குந்திக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஆம்பளை அழக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஐந்தாம் நாள் வந்தது விஷயம். பாவா திருத்தணி தியேட்டரில் மேட்னி ஷோ பார்த்தாராம். தீட்டு வீட்டுக்காரன், பதினாறு முடிகிற வரை தெருமுனைக் கோயில் பக்கம்கூடப் போகக் கூடாதவன், பஸ் ஏறி வந்து சண்டைப்படம் பார்த்திருக்கிறான்! சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், இன்டர்வெல்லில் கண்ணால் பார்த்தவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, படையல் போட்டு, சொந்தமெல்லாம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தேன். அதுவரை பாவாவை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது போயிற்று.

"எங்க அக்கா மேல போட்ட மாலை கூட காயல. அதுக்குள்ள உனக்கு சண்டைப்படம் கேக்குதா பாவா? நீயெல்லாம் மனுஷனா?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்க சத்தமா இருக்கும்மா. அதான் போனேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். "தறி சத்தம் பத்தலையாம், அய்யாவுக்கு!" என்றது எங்கள் அத்தை. நான் விடவில்லை. இந்த ஆளிடம் பெண் குழந்தையை விட்டால் பசிக்குதா தூங்குதா என்று பார்ப்பானா, பாப்பாவை நான் வளர்க்கிறேன் என்றேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இப்போதைக்குச் சின்னவளிடம் இருக்கட்டும், ஒன்னாங்கிளாஸ் சேர்க்கும்போது அப்பன்கிட்ட விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்றார்கள். பாவா எழுந்தார். உள்ளே போய் பாப்பாவின் துணிகளை மடித்து, அக்காவின் பழைய பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக்கூட நான் கல்நெஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் ஷெட்டில் அமாவாசைக்கு அமாவாசை தறி ஓடாது. அன்றைக்குப் பாப்பாவைப் பார்க்க வருவார். மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்று வாங்கி வருவார், ஓரமாக உட்காருவார், போவார். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், பாப்பாவைவிட ரெண்டு வயசு மூத்தவன். அவனுக்கு இவர் பெரியப்பா. அவன் கூப்பிடுவதைக் கேட்டுப் பேச்சு பழகியவள்தானே பாப்பா? ஒரு அமாவாசை அவளும் ஓடிப்போய் "பெரியப்பா!" என்றாள்.

பாவா என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. "ஆங், சொல்லு கண்ணு" என்று அவர் சொல்வது கேட்டது. அன்றைக்கே "அப்பான்னு கூப்புடுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை அவள் அப்பா என்றாள், என்னை அம்மா என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது, ஐயோ, எவ்வளவு பிடித்திருந்தது! என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரயிலில் போய்வந்து அலுத்துப் படுக்கிறவர். ஒரு முறை, "இது தப்பு மே, அப்புறம் கஷ்டம்" என்றார். பார்த்துக்கலாம் என்றேன்.

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பாப்பாவை ஒன்னாங்கிளாஸ் சேர்க்க வேண்டிய கோடை வந்தது. சித்திரை அமாவாசைக்கு வந்த பாவா புதுச்சட்டை போட்டிருந்தார். "இஸ்கூல் விஷயம் பேசணும்மா. அதுக்கு முன்னால பாப்பாவ ஒரு படத்துக்கு இட்டுகினு போயிட்டு வர்ட்டா?" என்றார். என்ன படம் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் போஸ்டர், ரத்தக் கலரில். எனக்கு வாயெல்லாம் பல். பச்சைக் குழந்தையைச் சண்டைப்படத்துக்குக் கூட்டிப்போகிறவனிடமா பிள்ளையை விடுவது என்று பெரியவர்களிடம் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? "நானும் வரேன் பாவா" என்றேன். சாட்சி சொல்லத்தான் போனேன்.

மேட்னி. பாப்பா நடுவில், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். படம் எல்லாப் படமும்போலத்தான். கதாநாயகனின் பெண்டாட்டியைக் குத்திப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டடத்துக்குள்ளே நீளமான நடைவழி. அந்தக் கோடியில் அவள் ரத்தத்தில் கிடக்கிறாள், இந்தக் கோடியில் அவன். நடுவில் அரிவாளோடு நாற்பது பேர். மழை பெய்கிறது. கட்டடத்துக்குள் எப்படி மழை என்றெல்லாம் கேட்கக் கூடாது. அவன் தலையில் இரும்புக் கம்பியால் ஒரு அடி. முட்டி போட்டு விழுகிறான். மழைத் துளிகள் அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. அவன் கண் திறக்கிறான். தியேட்டரே எழுந்து கத்தியது. காகிதம் பறந்தது, விசில் காதைக் கிழித்தது. பாப்பா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு என் இடுப்பில் ஒண்டினாள்.

அப்போதுதான் பாவா பக்கம் திரும்பினேன். அவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். ஆனால் அது விசிலடிக்கிறவன் கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் முட்டி, உடைந்து உடைந்து வருகிற அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை எழவு வீட்டில் கேட்டிருக்கிறேன்! முகமெல்லாம் கண்ணீர் வழிந்தது. திரையில் அவன் ஒவ்வொருத்தனாகத் தள்ளிவிட்டு அவளை நோக்கி ஒரு அடி வைக்கும்போதும் இவர், "ஏமே! ஏமே!" என்று கூப்பிட்டார். முன்வரிசை, பின்வரிசை, ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது பேரை அடித்துப் போட்டு அவன் போய்ச் சேர்ந்துவிடுவான். எங்கள் பாவா யாரை அடிப்பார்? காமாலையை எந்தக் கம்பியால் அடிப்பது? அந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷன் அவர்.

நான் மட்டும் என்ன சொன்னேன் அன்றைக்கு? பொன்னூஞ்சலாம், பூந்தேராம். அக்கா பழம்புடவைத் தூளியைத் தவிர வேறு ஊஞ்சல் அறியாதவள். கடைசியாக ஏறியதும் சைரன் வண்டி. எல்லாம் பொய். அதற்காக என் அழுகை பொய்யா? இதில் உண்மை எங்கே, மனசு எங்கே என்று யாராவது வந்து கேட்டிருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். எனக்கு வட்டமாக உட்காரப் பத்துப் பெண்கள் இருந்தார்கள், கட்டிப்பிடிக்கத் தோள் இருந்தது. அவருக்கு யார் இருந்தார்கள்? சத்தமா இருக்கும்னு போனேன் என்று அவர் சொன்னது மூன்று வருஷம் கழித்து அந்த இருட்டில்தான் என் காதில் விழுந்தது.

பாப்பா என் தாவாயைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பெரியப்பா ஏம்மா அழுவுது?"

அவள் காதருகே குனிந்தேன். "அது பெரியப்பா இல்லடி. உங்கப்பா" என்றேன். சொல்லிவிட்டேன், சத்தியமாகச் சொன்னேன்.

"ஆ? கேக்கலம்மா!" என்று அவள் கத்தினாள்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். "ஒன்னுமில்ல, படத்த பாரு" என்றேன்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பாவா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டுவரை பாப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பள்ளிப்பட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. "இஸ்கூல் விஷயம் இன்னமோ பேசணும்னீங்களே பாவா" என்று நானே கேட்டேன். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்த வுட்டுடும்மா. ரொம்ப நாளா இட்டுகினு போயிடணும்னுதான் இருந்தேன். இன்னிக்கு படத்துல பயந்ததும் அது உன்னைத்தான் கட்டிக்கினுது. நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னாண்ட வந்தா பொழுதுக்கும் அழும். உன்கிட்டயே இருக்கட்டும்."

இல்லை பாவா, தப்பு என்னுடையது, நான்தான் சொல்லித்தரவில்லை, இன்றைக்கே சொல்கிறேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஊர் கூட்டி அவரை அவமானப்படுத்திய அதே வாய்தான். "சரி பாவா" என்றேன். "டாட்டா பெரியப்பா!" என்று பாப்பா கையாட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவரும் கையாட்டினார்.

பாப்பாவுக்கு இப்போது ஏழு வயசு. முதலில் அமாவாசைக்கு அமாவாசை வந்தவர் இப்போது பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் மட்டும் வருகிறார். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை, தொண்டை சரியில்லை என்கிறேன். புதுச் சண்டைப்படம் வந்தால் மட்டும் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மேட்னிக்குப் போகிறேன். பின்வரிசையில் உட்காருவேன். கதாநாயகன் விழுந்து எழுகிறபோது எல்லோரும் கத்துவார்கள். நானும் கத்துவேன்.

வீட்டில் முடியாது. அழுதால் பாப்பா ஓடிவந்து, "ஏம்மா அழுவுற?" என்று கேட்பாள்.