நெனிதாவின் அம்மா கேட்டது

இலஞ்சியில் அவளுக்கு மாரிச்செல்வி என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது மரிசெல். பிலிப்பைன்ஸில் லேய்த்தே என்னும் தீவில் பிறந்தவள். ஷார்ஜாவில் ஒரு சலவைக் கம்பெனியில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியில் வேன் ஓட்டிய சங்கிலிப்பாண்டி அவளைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வந்தான். மாமியார் பாலம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "மாரியம்மன் பேருதான முன்னால நிக்கி. மாரிச்செல்வின்னே கூப்பிட்டுக்கிடுதேன்" என்றுவிட்டாள்.

திரும்பிப் போக அவளுக்கு வீடு இல்லை. அவள் ஷார்ஜாவில் இருந்தபோது ஊரில் பெரும்புயல் அடித்துக் கடல் உள்ளே புகுந்தது. அம்மாவும் தம்பியும் அதில் போய்விட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருந்தது; அழுது கேட்டும் அவன் தரவில்லை. அன்றைக்கும் அவள் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். நீராவியில் முகம் நனைந்திருந்ததால் அவள் அழுவது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

சீசன் மாதங்களில் சங்கிலிப்பாண்டி ஐந்தருவிக்குப் போகும் வழியில் பழக்கடை போடுவான். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் எல்லாம் மரிசெலுக்குப் பிறந்த ஊர்ப் பழங்கள். கடையில் உட்கார அவளுக்குப் பிடிக்கும். குளிக்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேபாளமா? மணிப்பூரா?" என்று கேட்பார்கள். "தென்காசிதான். கிலோ எவ்வளவு போடட்டும்?" என்பாள்.

அப்படி ஒரு சாரல் நாளில் கருப்புப் பர்தா போட்ட ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றாள். ஈரத் தலையோடு இரண்டு பிள்ளைகள் அவள் கையைப் பிடித்திருந்தார்கள். ரம்புட்டான் குவியலைப் பார்த்ததும் அவளை அறியாமல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "ஆய், நாக்கூ!"

மரிசெலின் கையிலிருந்த தராசுத் தட்டு கீழே விழுந்தது. பிறந்த ஊரில் 'அட கடவுளே' என்பதற்குச் சொல்வது அது. இங்கே வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைத் தன் வாயைத் தவிர வேறு வாயில் அவள் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நடுரோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். லாட்ஜுக்குப் போகிற கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் பெயர் நெனிதா. கடையநல்லூரில் ஹலீமா. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். எஜமானி அவளைச் சமையலறைத் தரையில் படுக்கச் சொல்வாள், வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். அங்கிருந்து தப்பித் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, பிறகு வேறு வேலைக்கு மாறி, அங்கே சூப்பர் மார்க்கெட்டில் இருந்த அஹ்சனைக் கண்டு, மதம் மாறி நிக்காஹ் செய்துகொண்டாள். அஹ்சன் நல்லவன். இப்போது கடையநல்லூர் பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தான்.

நெனிதா வடக்குத் தீவுக்காரி. வீட்டு மொழி இலோக்கானோ. மரிசெலுடையது வாராய் மொழி. இரண்டும் ஒன்றுக்கொன்று விளங்காது. பள்ளிக்கூடத்தில் படித்த தகாலோக்கில்தான் பேசிக்கொண்டார்கள். அதுவே போதுமாக இருந்தது. மரிசெல் கடையநல்லூருக்குப் போனால் நெனிதா புளி கரைத்து, கீரை போட்டு, மிளகாய்ப் பொடி இல்லாமல் மீன் சாறு வைப்பாள். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். "இதென்ன, காய்ச்சக்காரங்களுக்கு வச்ச கொழம்பு மாரில்லா இருக்கு" என்று அஹ்சன் கேலி செய்வான். நெனிதாவின் மகள் சுமையாவும் அவள் தம்பியும் மரிசெலைத் தீத்தா என்று கூப்பிட்டார்கள். நெனிதாவின் ஊர்ப் பேச்சில் அத்தைக்கும் சித்திக்கும் அதுதான். மரிசெலுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல்லால் கூப்பிட்டாலே அவள் சட்டென்று திரும்புவாள்.

பிறகு நெனிதாவுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. தென்காசிக்கு டயாலிசிஸுக்கு வருவாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மரிசெல் நிற்பாள். ஊசி குத்தாத கையை மடியில் வைத்துக்கொண்டு, இயந்திரம் ஓடி முடிகிறவரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

"அம்மா என்னை ஊருக்கு வரச் சொல்கிறாள்" என்றாள் நெனிதா ஒரு நாள். "செத்தால் அப்பா பக்கத்தில் என்னைப் புதைக்கணுமாம்."

"சாவைப் பற்றிப் பேசாதே."

"பேசத்தான் வேணும். உன்னைத் தவிர யாரிடம் பேச? முன்னெல்லாம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது இல்லை. சுமையா பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்கள் ஆட்களை அடக்கம் செய்கிற மையவாடி இருக்கிறது. நான் அங்கேயே இருக்கிறேன். அம்மா கேட்டால் நான் சொன்னேன் என்று நீதான் சொல்லணும். அஹ்சனுக்கு நம் மொழி தெரியாது."

மரிசெல் தலையை ஆட்டினாள். அந்த நாள் அவ்வளவு சீக்கிரம் வருமென்று அவள் நினைக்கவில்லை.

ஆடிச் சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில் அஹ்சன் போன் செய்தான். "தங்கச்சி, ஒன் கூட்டாளி போயிட்டா."

சங்கிலிப்பாண்டி பைக்கில் கொண்டுபோய் விட்டான். நெனிதாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அஹ்சன் செல்போனை மரிசெலிடம் நீட்டினான். "அவ உம்மாட்ட தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லிட்டேன். மொகத்தப் பாக்கணும்னு கெடக்காவ. நீ காட்டு." காட்டக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பெத்தவ பாக்கட்டும்" என்றான் அஹ்சன்.

திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் தகரக் கூரை, கோழிகள், தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் இலோக்கானோவில் என்னவோ சொல்லத் தொடங்கினாள். நிறுத்தாமல் சொன்னாள்.

"என்ன சொல்லுதாவ?" என்று அஹ்சன் கேட்டான். சுமையாவும் தம்பியும் மரிசெலின் வாயையே பார்த்தார்கள். வீட்டுப் பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தெரியல அண்ணாச்சி. அது எனக்குத் தெரியாத பாஷ."

கடைசியில் அந்த அம்மா தகாலோக்குக்கு மாறினாள். "என் பிள்ளையை அனுப்பி வை. அவள் அப்பா பக்கத்தில் இடம் இருக்கிறது."

"அம்மா, அவள் இங்கேயே இருக்கணும் என்று சொன்னாள். பிள்ளைகள் பக்கத்தில். என்னிடம் தெளிவாகச் சொன்னாள்."

"அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். அவர்கள் சொல்லச் சொன்னதை நீ சொல்கிறாய். நீ அங்கே அவர்களோடு வாழணுமே." திரை அணைந்தது.

அவளை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். ஆண்கள்தான் போவார்கள். மரிசெல் வாசல்வரை வந்து, மழையில் கூட்டம் தெருமுனை திரும்புகிறவரை நின்றாள். அவள் போவதற்கு அந்த இடம்தான் எல்லை.

அதற்குப் பிறகு நெனிதாவின் அம்மா மரிசெலின் அழைப்பை எடுக்கவே இல்லை. மரிசெல் கடையில் உட்கார்ந்தாள், கணக்காக எடை போட்டாள், பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. சில நேரம் பழத்தைத் துடைத்தபடி தகாலோக்கில் முணுமுணுப்பாள். "ஏட்டி, யாருட்டப் பேசுத?" என்பான் சங்கிலிப்பாண்டி. அவள் சிரித்து மழுப்புவாள்.

வருஷம் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமையா தனியாகப் பஸ் ஏறி இலஞ்சிக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள். "தீத்தா, உம்மாவோட உம்மாட்ட பேசணும். எனக்குப் பேசத் தெரியாதுல்லா. நீ சொல்லித் தா."

பேத்தி போனிலிருந்து அழைத்ததால் அந்த அம்மா எடுத்தாள். சுமையாவுக்கு நெனிதாவின் கண்கள். கிழவி திரையைத் தடவிப் பார்த்தாள். என்ன படிக்கிறாய், தம்பி எப்படி இருக்கிறான், உம்மாவைப் பார்க்கப் போகிறாயா? மரிசெல் ஒவ்வொன்றையும் தமிழாக்கினாள். "டெய்லி அந்த வழியாத்தான் போறேன். மையவாடி வாசல்ல நின்னு சலாம் சொல்லுவேன்" என்றாள் சுமையா. மரிசெல் அதைத் தகாலோக்கில் சொன்னாள்.

பிறகு கிழவி முதன்முறையாக மரிசெலை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. "உனக்கு அம்மா இருக்கிறாளா, பிள்ளை?"

"இல்லை அம்மா. புயலில் போய்விட்டாள்."

"பிள்ளைகள்?"

"இல்லை."

"அப்படியானால் நீ செத்தால் உன்னை எங்கே வைப்பார்கள்?"

"என்ன தீத்தா கேக்காவ?" என்று சுமையா தோளைத் தொட்டாள். "நல்லாருக்கியான்னு கேக்காவ" என்றாள் மரிசெல்.

சுமையாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு அந்தக் கேள்வியை அவள் சங்கிலிப்பாண்டியிடம் கேட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இதென்ன கேள்வி? இங்கனதான். எங்க ஆளுகள எரிக்க எடத்துலதான். வேற எங்கன?"

அவளுடைய ஊரில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அம்மாவும் தம்பியும் ஊர்க்காரர்களோடு ஒரே குழியில் சிலுவைக்குக் கீழே கிடக்கிறார்கள். இதை அவனிடம் அவள் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. தகாலோக்கில் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

"ஏட்டி, எதுக்கு அழுத?" என்றான் அவன், கையைக் கழுவாமலே எழுந்து வந்து.