பூவின் கழுத்தைப் பார்க்கிறவர்

டிராம் தண்டவாளத்துக்காகத் தோண்டிப் போட்ட மண்மேட்டில் குந்தி உட்கார்ந்து, ஒரு சிவப்புக் குளோவர் பூவின் தலையைச் சாய்த்துக் கழுத்தைப் பார்க்கிறார் கனகவல்லி. சேலைக்கு மேல் கணவரின் பழைய கோட்டு. நிறுத்தத்தில் நிற்பவர்கள் இவரையே பார்க்கிறார்கள். "பாக்கட்டுமே. டிராம் வர இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்கிறார் என்னிடம்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு 1969இல் வந்தார். கணவர் கிருஷ்ணமூர்த்தி ஆராய்ச்சி மாணவர். வந்த வாரமே கனகவல்லி இந்த மூன்றிலைக் குளோவர் செடியைப் பார்த்துப் புளியாரைக் கீரை என்று பறித்துத் துவையல் அரைத்துவிட்டார். "புளிப்பே இல்ல. மாட்டுத் தீவனம் மாதிரி இருக்குன்னார். நெஜமாவே மாட்டுத் தீவனம்தான்!" என்று சிரிக்கிறார். "புளியாரை இலை நுனியில பள்ளம் இருக்கும். இது முட்டை ஷேப். நடுவுல வெள்ளையா நாமம் போட்டிருக்கும்."

இப்போது, காலமான மருந்துக்கடைக்காரர் ஒருவரின் தாவரத் தொகுப்பில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது இவர் வேலை. போன ஜூனில், வேலை நிரந்தரமாகுமா என்று தெரியவேண்டிய மாதத்தில், ஒரு தாள் வந்தது. பொறுப்பாளர் எங்கல் அம்மையார் தம் கையாலேயே "காட்டோரக் குளோவர்" என்று லேபிள் எழுதியிருந்தார். காட்டோரக் குளோவரில் பூவுக்கும் இலைக்கும் நடுவே காம்பு நீளும். தாளில் இருந்ததிலோ இரண்டு இலைகள் பூவின் கழுத்தோடு ஒட்டியிருந்தன. இது சிவப்புக் குளோவர்.

"ஒட்டச் சொன்னா ஒட்டேன், உனக்கெதுக்கு?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

இரண்டு நாள் அந்தத் தாள் ஒட்டாமலே கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டு அம்மையார் முன் போய் நின்றார். உங்கள் வேலை ஒட்டுவது என்றார் அம்மையார். "எனக்கு வந்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோச்சு. விரலால கழுத்தைக் காட்டினேன்." அம்மையார் லென்ஸை எடுத்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு ஒரு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் இவர் பக்கம் நகர்த்தினார். திருத்துகிறவர்தான் சரியான பெயரை எழுதித் தம் பெயரையும் போட வேண்டுமாம்.

வேலை நிரந்தரமாயிற்று.

அந்தத் தாளை எனக்கும் காட்டினார். கனகவல்லி என்று எழுதிய சீட்டுக்கு மேலே பழைய லேபிள் அப்படியே இருந்தது. "தப்புன்னாலும் அடிக்கக் கூடாது சார். அவங்க எழுதினது அவங்க எழுதினதுதான்."

பழைய லேபிளின் ஒரு மூலை லேசாக எழும்பியிருந்தது. சுண்டுவிரலில் பசையைத் தொட்டு அதன் அடியில் தடவி, ஒட்டிக்கொள்ளும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.