வாசலில் கிடந்த ஆண் செருப்பு

சிம்மக்கல்லில் என் வீட்டு வாசலில் எப்போதும் ஆண் செருப்பு கிடக்கும். கணவர் போன பிறகு, நான் தனியாக இருப்பது தெரியக் கூடாதென்று போட்டது.

கத்திரி வெயில் தொடங்கியதும், தெருமுனையில் சாவி செய்பவர் நோட்டோடு வந்தார்.

"இந்த வெயில்ல பாத்துக்கிறதுக்காக, தெருவுல தனியா இருக்கவங்க பேர எழுதுறோம்க்கா. மதியம் வீட்டுல யாரு இருப்பா?"

சாவிக்காரருக்கு எதற்கு இந்த விவரம்? "மகன் இருக்கான்" என்றேன்.

அப்படியும் தினமும் மதியம் கதவைத் தட்டினார். உள்ளிருந்தே "யாரது?" என்று அதட்டினால் போய்விடுவார். நோட்டம் விடுகிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது நெற்றியில் ஈரத்துணி. தட்டியும் என் குரல் வராததால் சாவிக்காரர் பூட்டைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்திருந்தார்.

"மகன் இருக்கான்னு சொன்னேனே?"

"செருப்புல அம்புட்டுத் தூசிக்கா. அன்னைக்கே உங்க பேர எழுதிட்டேன்."

செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. தூசியைத் துடைக்கத்தான் மனம் வரவில்லை.