செவனம்மா அக்கா ஓடை கடத்திவிடும் முறை

செவனம்மா அக்கா கிடைத்துவிட்டார் என்ற சேதி மூன்றாம் நாள் காலையில் வந்தது. அருவிக்குக் கீழே தேனெடுக்கப் போனவர்கள் பார்த்தார்களாம். சொல்ல வந்தவர், "பூப்போட்ட சேலதானே கட்டியிருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேத்துப்பாறைக்கு மேலே பூண்டுக் காட்டில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஆறாவதோடு பள்ளியை விட்டு நான் வேலைக்கு வந்த முதல் நாள், ஓடையில் கால் வைக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு புள்ள. மேல ஆள் நிக்காம ஒருத்தரும் எறங்கக் கூடாது." சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்கூடையோடு மூன்று பெண்களை ஆறு அடித்துப் போனதைக் கண்டவர் அவர். கப்பலேறி இங்கே வந்த பிறகும் அந்தப் பயத்தை விடவில்லை. ஒருத்தி மேல்பாறையில் நிற்க வேண்டும். தண்ணீர் கலங்கினாலோ பச்சை இலை மிதந்து வந்தாலோ, இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை; உடனே கத்த வேண்டும். மற்றவர்கள் கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொருவராக இறங்குவார்கள். அக்கா நடு ஓடையில் நின்று கை கொடுத்துக் கடத்திவிடுவார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும்போது தண்ணீர் கலங்கியது. நான் கத்தினேன். எல்லாரும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மேலே எருமை இறங்கியிருந்தது.

"எரும குளிச்சாலும் இவளுக்கு வெள்ளந்தான்" என்றார் மேஸ்திரி. வழி நெடுக எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "சிரிக்கிறவ உசுரோட இருக்கால்ல, அது போதும். நீ பத்து தடவ தப்பாக் கத்து. ஒரு தடவ கத்தாம விட்டுறாத."

அன்றைக்கே சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போதும் நல்ல வெயில். பாறையில் நான் நின்றேன். தண்ணீர் டீயின் நிறத்துக்கு மாறியது. மறுபடியும் எருமையாக இருக்கும் என்று நினைத்தேன். மேஸ்திரி அக்கரையில் பீடியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை வரட்டும், வந்தால் கத்துவோம் என்று வாயை மூடிக்கொண்டேன். இலை வந்தபோது கூடவே மரக்கிளையும் வந்தது.

கத்தினேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை கொடுத்துக் கடத்திக்கொண்டிருந்த நம் பாப்பாத்தியைக் கரைப்பக்கம் தள்ளி, "வெரசா ஏறுடி" என்றார். அடுத்து நான் பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

திடீரென்று வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். விசாரிக்க வந்தவர்கள் கேட்டபோது நானும் தலையாட்டினேன். அது திடீரென்று வரவில்லை. அக்கா கரையேற நேரம் இருந்தது.

நேற்று அவருடைய மகள் வள்ளி என்னிடம் வந்தாள். "நீ கத்துனது அம்மாவுக்குக் கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வரல?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவள் போய்விட்டாள்.

தண்ணீர் நிறம் மாறியதற்கும் நான் கத்தியதற்கும் நடுவில் இருந்த நேரம், அதுதான் அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருக்கிறது. வள்ளிக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் யாராவது நான் எழுதிய இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல என்னால் முடியாது.