கடல் பக்கம் திரும்பிய காவல் கோபுரம்

கொத்தனார் மேற்கு ஜன்னலை அடைக்க முதல் செங்கல்லை வைத்தபோது எங்கள் ரேஞ்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியையும் இளநீரையும் மலை உச்சிவரை சுமந்து வந்தவர் என் வீட்டுக்காரர். அந்தச் சரகத்தில் நான் வனக்காவலர். சீருடையும் மாதச் சம்பளமும் உண்டு. அவர் கோடைக்கு மட்டும் எடுக்கப்படும் தீக்காவலர். பல கோடைகள் அந்த உச்சியில் நின்று புகை பார்த்தவர். அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. ரேஞ்சர் மனம் வைத்தால் நடக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

செங்கல்பட்டைத் தாண்டி, காப்புக்காட்டுக்குள் இருக்கும் மலை அது. வெள்ளைக்காரன் காலத்தில் உச்சியில் ஒரு கல் அறை கட்டி நான்கு பக்கமும் ஜன்னல் வைத்தார்களாம். ஆரம்பத்தில் புகை கண்டால் தகரத்தைத் தட்டுவார்கள். பிறகு வயர்லெஸ் வந்தது, அதற்குப் பிறகு செல்போன். நாங்கள் அதை டவர் என்போம். மேற்கே மலைச் சரிவு முழுக்கக் காய்ந்த புல்லும் சூரைப் புதரும். கோடையில் தீ அங்கிருந்துதான் கிளம்பும். கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல், ஓரத்தில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ரேஞ்சர் படித்தவர் அல்லவா, அவருக்குத் தெரியவில்லை.

மேலதிகாரிகளின் குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அழைத்து வந்து கடல் காட்டுவதுதான் அவர் செய்த வனப் பாதுகாப்பு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விருந்தாளிகளின் முகத்தில் அடிக்கிறதாம். அதனால் அதை அடைத்துவிட்டு, கிழக்கே ஆள் உயரக் கண்ணாடி போட்டு, ஏசியும் வைத்தார்.

"சார், தீ மேக்காலதான் சார் வரும். அத்த மூடிட்டா இன்னாத்த பாக்கறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வெளிய வந்து பாருய்யா. கால் இல்ல?" என்றார் ரேஞ்சர். கொத்தனார்கூடச் சிரிக்கவில்லை. கடலில் தீப்பிடித்தால் முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் நாங்கள்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மே மாதத்து ஞாயிறு, பெரிய ஆபீசர் ஒருவர் மாமியார், மனைவி, பிள்ளைகளோடு வந்தார். என்னைக் காலையிலேயே புதுப்பட்டினத்துக்கு மீன் வாங்க அனுப்பிவிட்டார் ரேஞ்சர். அடிவாரக் குடிசையில் காக்கி உடுப்போடு நான் வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். டவர் அருகே காவலர்கள் நிற்பது விருந்தாளிகளுக்குச் சங்கடம் என்று என் வீட்டுக்காரரையும் கீழே இறக்கிவிட்டார். கீழே வந்தவரிடம் பெரிய ஆபீசர், "வண்டி புதுசு. குரங்கு ஏறாமப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனார். என் காதால் கேட்டேன்.

கடல் காற்று இறங்குவதற்கு முன் மேல்காற்று அனலாக அடிக்கும் நேரம். உச்சிக்குப் பின்னால் புகை எழுந்ததை அவர்தான் பார்த்தார். ரேஞ்சருக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு மேலே ஓடினார். அறைக் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, எல்லோரும் கண்ணாடி வழியாகக் கடல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சுவருக்குப் பின்னால் புல் வெடிக்கும் சத்தத்தை ஏசி சத்தம் என்று நினைத்தார்களாம். கதவை இவர் உடைக்காத குறையாகத் தட்டித் திறக்க வைத்தார். முதுகு வலிக்கார மாமியாரைத் தன் முதுகில் சுமந்து, பிள்ளைகளை முன்னால் விட்டு, கிழக்குப் பாதையில் இறக்கினார். ரேஞ்சர் எல்லோருக்கும் முன்னால் இறங்கிவிட்டார். நான் பார்க்கும்போது அவருக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மேற்குச் சரிவு முழுதும் கருகிப் போனது.

விசாரணை வந்தது. விசாரிக்க உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? அதே பெரிய ஆபீசர். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"தீ பிடிச்சப்ப நீ டவர்ல இருந்தியா?"

"இல்ல சார்."

"எங்க இருந்த?"

"உங்க காருகிட்ட சார். நீங்கதான சார் பாத்துக்கச் சொன்னீங்க."

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்பவரிடம், "பணியிடத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார், அடிங்க" என்றார். நான் உள்ளே போய், "ரேஞ்சர் சார்தான் கீழ அனுப்பினாரு" என்றேன். "உன்னைக் கூப்பிடலயேம்மா" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேஞ்சர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. என் வீட்டுக்காரரை இனி வர வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, மாமியாரம்மாவுக்கு முதுகு வலி சரியாகிவிட்டதா என்று கேட்க மறந்துவிட்டதாக அவர் வருத்தப்பட்டார்.

இப்போது அவர் புதுப்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ரேஞ்சர் பதவி உயர்ந்து, ஓய்வு பெற்று, திருவிடந்தைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார். போன வாரம் துறையில் மூத்தவர்களுக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்த ரேஞ்சர், எரிகிற மலையிலிருந்து ஒரு குடும்பத்தையே காப்பாற்றி இறக்கியது தன் வாழ்நாள் பெருமை என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிட்டிருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"நல்லாக் கீறாரா? மூட்டு வலின்னுவாரே" என்றார்.

"உங்க பொழப்ப கெடுத்த ஆளு. அவருதான் எல்லாரையும் காப்பாத்தினாராம். மேடை போட்டு சொல்லிகினு கீறாரு."

"சொல்லிட்டுப் போவட்டும். உசுரோட கீறதாலதான சொல்றாரு."

துணியைப் பிழிந்து உதறிவிட்டு, சாப்பிட இன்னா கீது என்று கேட்டார். அந்த மனசு எனக்கு இல்லை, வரவும் வேண்டாம். அன்றைக்கு அவர் அத்தனை பேரையும் இறக்கியது சரிதான். ரேஞ்சரையும் சேர்த்துக் காப்பாற்றினாரே, அதற்காக என் வீட்டுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.