கொளஞ்சி மாமாவுக்குக் கட்டிய கயிறு

என் அக்கா புருஷன் கொளஞ்சியைப் பற்றிக் காடாம்புலியூரில் யாரைக் கேட்டாலும் குடிகாரன் என்றுதான் சொல்வார்கள். முந்திரி மூட்டை ஏற்றுகிற வேலை. குடித்துவிட்டு வந்தால் கதவை உடைப்பார், அக்கா குணசுந்தரியின் முடியைப் பிடித்துத் தெருவில் இழுப்பார். நான் சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருமுறை ஜாக்கி லிவரோடு போய் அவர் முழங்காலிலேயே போட்டேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

கடைசியில் கடலூரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் தங்கவைத்தோம். முதல் வாரம், பிடிக்க வந்த அட்டெண்டரின் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார். அங்கிருந்த டாக்டரம்மா சத்யப்பிரியா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இவருக்கு ரெண்டு வியாதி. ஆளே இல்லாம காதுல குரல் கேக்குது. அத அடக்கத்தான் குடிச்சிருக்காரு. குடிய வுட்டாலும் மாத்திரைய வுடக் கூடாது."

மாமா மனுஷனாகத் திரும்பி வந்தார். குடியை விட்டவனைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டிய பிறகு போதை எதையும் தொட்டால் சாமி குத்தம். அக்காவும் கட்டிவிட்டாள். மாத்திரை போட்டால் மாமா அடித்துப்போட்டாற்போல் தூங்குவார். அதுவும் போதைதானே என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஒரு பகலில் அவள் முந்திரித் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது, மாமா பின்னாலிருந்து கொடுவாளை ஓங்கினார். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்தாள். இரண்டு விரல்கள் பருப்புக் குவியல்மேல் விழுந்தன. மறுபடி ஓங்கியவரை ஊரார் கட்டையால் அடித்துச் சாய்த்து, வேப்பமரத்தில் கட்டிவைத்து மேலும் அடித்தார்கள். நான் போனபோது மண்டை பிளந்து, முகமெல்லாம் ரத்தம். வாயை முகர்ந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், பலா அரியும்போது வெட்டியது என்று அக்கா சாதித்துவிட்டாள். மாமாவை மறுபடி அதே மையத்தில் சேர்த்தோம். அங்கே அவர் தேறிய பிறகு, வீட்டுக்கு அழைப்பதா, தலைமுழுகுவதா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

"வுட்டுத் தொலக்கா. அடுத்த தடவ தலைதான் போவும்" என்று மையத்து வாசலிலேயே கத்தினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மாமா எதிரில் உட்கார்ந்தாள்.

"எதுக்குய்யா என்ன வெட்டுன?"

மாமா தேம்பினார். "நீதாண்டி சொன்ன. சோத்துல வெஷம் வெச்சுக் கொல்லப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்த. உன் கொரலேதான்."

அந்த ஆள்மேல் எனக்கு முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. அக்கா கட்டுப் போட்ட கையால் அவர் முகத்தை நிமிர்த்தினாள்.

"இனிமே என் கொரல் கேட்டா என் வாயப் பாரு. உதடு அசையலன்னா அது நான் இல்ல."

வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். மாத்திரையை அவள் கையாலேயே கொடுக்கிறாள். ஆனால் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்து அவரைக் கூப்பிடுவதே இல்லை. சாப்பிடச் சொல்வதானாலும் எழுந்து வந்து, அவர் முன்னால் நின்றுதான் சொல்கிறாள்.